முப்பது மில்லி பிரமி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் செங்கல்பட்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே அவருக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். முதலாம் ஆண்டு நினைவஞ்சலியாம். வெள்ளைக் கோட்டு, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு கொத்து நீர்ப்பிரமி. ‘மூலிகைச் செம்மல்’ என்று ஒரு பட்டம், ‘ஏழைகளின் மருத்துவர்’ என்று இன்னொன்று. கீழே, அவர் உயிரோடு இருந்தபோது ஒரு டீ வாங்கிக் கொடுத்திராத பத்துப் பதினைந்து பேர் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். மாதம் ஒருமுறை மாத்திரை வாங்கச் செங்கல்பட்டு போகிறவள் நான். பஸ் வரும்வரை அந்த மூஞ்சியைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். என் தலையெழுத்து.

அவர் பேரை நான் எழுதப் போவதில்லை. மரியாதையால் இல்லை, அவர் மனைவி இன்னும் எங்கள் தெருக்கோடி வீட்டில்தான் இருக்கிறார், அந்த அம்மாவுக்காக. நான் அவரைப் பெரிப்பா என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் கிடையாது, தெருமுறை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் பிரமிக்காரர்.

அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்து டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அரசு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். ரிட்டயர் ஆனபோது ஸ்கூலில் சால்வை போட்டார்கள். அவர் பதிலுக்குக் கோட்டையும் ஒரு கண்ணாடி பீக்கரையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் காலையில் ஏரிப் பக்கம் போவார். மதகுக்குக் கீழே வாய்க்கால் ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கும் சேற்றில், தரையோடு தரையாகப் பரவி, குட்டிக் குட்டி இலையும் வெளுத்த பூவுமாகக் கிடக்குமே, அதுதான் நீர்ப்பிரமி. மாடுகூட முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும். வேப்பிலைக் கசப்பு நாக்கில் நின்றுவிடும். இது தொண்டையைத் தாண்டி வயிறுவரை கூடவே வரும். மத்தியானம் சாப்பிடுகிற தயிர்ச்சோறுகூடக் கசக்கும்.

செடிமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அது பாட்டுக்குச் சேற்றில் கிடந்தது. மைக்செட் போடுகிற ஒருவருக்குத் திருவிழா அறிவிப்புச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் வெறும் காற்று மட்டும் வந்தது. இவர் இலையை நெய்யில் வதக்கி மூன்று நாள் கொடுத்தார், அந்த ஆள் நாலாம் நாள் ‘ஹலோ மைக் டெஸ்டிங்’ என்று கத்தினார். பச்சைக் குழந்தைகளுக்குச் சளி கட்டினால் செடியை வேகவைத்து, துணியில் கட்டி, நெஞ்சில் இளஞ்சூடாகப் போடுவார், குழந்தை தூங்கும். இதையெல்லாம் நான் இல்லை என்று சொன்னால் என் வாய் அழுகிவிடும். அதோடு நின்றிருந்தால் அந்த ஃப்ளெக்ஸுக்கு நானே ஒரு மாலை வாங்கிப் போட்டிருப்பேன்.

நின்றாரா? அவரிடம் ஒரு குணம் இருந்தது. எந்த நோய்க்கும் பேர் சொல்ல மாட்டார். சொல்லவும் விட மாட்டார்.

சர்க்கரை நோய் என்றால், “இனிப்பு கொஞ்சம் தூக்கலா கீது” என்பார். இருதய நோய், “வாயு மேல ஏறிக்கினு எறங்க மாட்டேங்குது.” புத்தி பேதலித்துப் போனவனைப் பார்த்து, “யோசன ஜாஸ்தி, பாவம்.” ரைஸ் மில் லாரி ஓட்டுகிற ஒருவர் மாதக்கணக்காக இருமி, எலும்பும் தோலுமாக வந்து, “டிபியா இருக்குமா சார்?” என்று கேட்டார். இவர் பதறிப்போய் வாசலுக்கு ஓடி, இடதுபக்கம் மூன்று தரம் துப்பிவிட்டு வந்தார். “அந்தப் பேர இந்த வூட்ல சொல்லாத! நெஞ்சுல ஈரம் தங்கிக்கீது, அவ்ளோதான். பிரமியில ஈரம் இழுத்துக்கும்.” அந்த டிரைவர் அழாத குறையாகச் சந்தோஷப்பட்டுப் போனார். ஒரு மாதம் கழித்து டிரைவர் வீட்டுக்கே வந்து, வாய்க்கு வந்தபடி திட்டி, ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனவர் சுகாதார நர்ஸ். அந்த நர்ஸுக்கு யாரும் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லை.

“பேரு வெச்சாத்தான் அது நோவு. வெக்கலன்னா சொம்மா ஒடம்பு சரியில்ல” என்பதுதான் அவர் சித்தாந்தம். இதில் என்ன கொடுமை தெரியுமா? ஸ்கூல் லேபில் அத்தனை பாட்டிலுக்கும் லேபிள் எழுதியவர் அவர்தான். முத்து முத்தான எழுத்து. “பேர் ஒட்டாத பாட்டில தொட்ட, கை வெந்துபூடும்” என்று எங்களை மிரட்டுவார். அமிலத்துக்குப் பேர் வேண்டும், உப்புக்குப் பேர் வேண்டும். மனுஷ உடம்புக்குள் இருக்கிறதுக்கு மட்டும் வேண்டாம். அறிவுகெட்ட மனுஷன்.

ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஏமாற்றுக்காரனிடம் ஒரு கணக்கு இருக்கும், நாமும் உஷாராக இருப்போம். இவர் பத்துப் பைசா வாங்க மாட்டார். மழையில் நனைந்துகொண்டு போய்ப் பறித்து வருவார். மனைவி முற்றத்தில் உட்கார்ந்து, வாயே திறக்காமல், கொத்துக் கொத்தாக எடுத்து நத்தையும் நத்தை முட்டையும் பொறுக்கி எறிந்து, மூன்று தண்ணீரில் அலசி, அரைத்துப் பிழிந்து கொடுப்பார். இலவசமாக, அன்பாக, வீடு தேடி வருகிறதை யார் வேண்டாம் என்பார்கள்? நாங்களும் சொல்லவில்லை.

எனக்கு வலிப்பு. இதை எழுத எனக்கு இப்போது ஒரு நிமிஷம்கூட யோசனை இல்லை, ஆனால் ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் இந்த வார்த்தைக்கு நுழைய அனுமதி கிடையாது.

முதல் தரம் வந்தது பதினொன்றாம் வகுப்பில், அவருடைய லேபிலேயேதான். உப்புப் பகுப்பாய்வு பண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, தரையில் கிடக்கிறேன், உதட்டில் ரத்தம், கை நிறைய இரும்புச் சாவிக்கொத்து. லேப் பீரோ சாவி, ஸ்டோர் ரூம் சாவி, எல்லாம். தராசும் பர்னரும் சோதனைக் குழாயும் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு அறிவியல் காட்டுகிற ஆளுக்கு, ஒரு பெண் துடித்தால் கையில் இரும்பு கொடுக்கத்தான் தெரிந்தது. தலையை ஒருக்களித்துப் பிடிக்கத் தோன்றவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு அம்மாவிடம் அவர் சொன்னது, “ஒண்ணுமில்லம்மா, நாஷ்டா துன்னாம வந்துட்டா. பித்த மயக்கம்.”

பித்த மயக்கம் அந்த வருஷம் நாலு தரம் வந்தது. நைனா கடைசியில் பயந்துபோய் என்னைச் செங்கல்பட்டில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து, “இதுக்குப் பேரு வலிப்பு. நெறைய பேருக்கு இருக்கு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை. நீங்களா மட்டும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினா முன்னவிட வேகமா திரும்பி வரும்” என்றார். எனக்கு அந்த நிமிஷம் அழுகை வந்தது, பயத்தால் இல்லை. பேர் தெரிந்ததும் பயம் பாதி போய்விட்டது. பஸ்ஸில் வரும்போது நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “வூட்ல இந்தப் பேர சொல்லிக்கினு இருக்காத” என்றார்.

மாத்திரை போட்டேன். ஐந்து வருஷம் ஒன்றும் வரவில்லை. காலேஜ் முடித்தேன். இருபத்திரண்டு வயதில் வரன் வந்தது.

தாமலில் ஏரிப் பாசன நிலம் இருக்கிற குடும்பம். பையனுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. போட்டோவில் நன்றாக இருந்தான். சிரிக்கும்போது ஒரு பல் லேசாக ஏறியிருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. இப்படிச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது.

அம்மாவுக்குக் கவலை என் வலிப்பைப் பற்றி இல்லை, மாத்திரைப் பட்டையைப் பற்றி. அந்த வெள்ளிப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் சுற்றி வருவாள். “பீரோவுல வெச்சா மாமியாக்காரி தொறப்பா. கைப்பையில வெச்சா புருசன் பாப்பான். குப்பையில போட்டா பெருக்கறவ எடுத்துப் பாப்பா. இத எங்கடி ஒளிப்ப?” ஒருநாள் மத்தியானம் இப்படிப் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார், கையில் பிரமிக் கொத்தோடு.

“இதுக்கு எதுக்குமா பேஜார் ஆவற?” என்றார். “மாத்திர தான பட்டையில வருது? கீர எதுல வருது? மாமியா வூட்டு அடுப்பங்கரையில, மாமியா எதிர்லயே ஒக்காந்து அரச்சிக் குடிக்கலாம். ஒடம்பு குளுமைக்குன்னு சொன்னா போதும். கீரைய எவ சந்தேகப்படுவா?”

அம்மா முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. இதுதான் அவருடைய மருந்தின் ரகசியம். அது நரம்புக்கு நல்லது என்று ஏட்டில் இருக்கலாம், இல்லாமல் போகலாம். எங்கள் வீட்டுக்கு அது பிடித்துப்போன காரணம், அது மருந்து மாதிரி இல்லை என்பதுதான்.

“மாப்ள வூட்ல ஒரு வார்த்த சொல்லிடலாமா?” என்று நைனா மெதுவாகக் கேட்டார். பாவம், அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் கேட்டார்.

“இன்னாத்த சொல்லுவ நீ?” என்று இவர் திருப்பிக் கேட்டார். “நோவு இருந்தா சொல்லணும். நோவே இல்ல. இல்லாதத சொல்றது பொய்யி இல்லயா?”

பாருங்கள் நியாயத்தை! உண்மையைச் சொன்னால் பொய் ஆகிவிடுமாம். அம்மா உடனே, “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு பெரியவங்களே சொல்லிக்கீறாங்க” என்று முடித்துவைத்தாள். என்னைப் பார்த்தார்கள். நான் ஏறிய பல்லை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன். டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இருந்தும் ஆட்டினேன். அவரைத் திட்டுகிற வாயால் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார்கள். பாதியாகக் குறைத்துப் பார்ப்பது, டாக்டரைக் கேட்பது, அதெல்லாம் இல்லை. மீதிப் பட்டைகளை அம்மா எருக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளினாள்.

மறுநாள் காலையிலிருந்து வைத்தியம். ஒரு மண்டலம் என்றார். கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பார். பீக்கரை வெளிச்சத்தில் தூக்கி, அளவுக் கோட்டின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “முப்பது மில்லி, கரெக்ட்” என்று தருவார். பச்சைப் பசேல் என்று, நுரையோடு இருக்கும். நான் குடிப்பேன். முதல் நாள் முகம் கோணலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, வாந்தி எடுக்கப் போனேன்.

“அது கூடாது” என்றார். “மூஞ்சி சுளிச்சா மாமியா கேப்பா. குடிச்சிட்டு சிரிக்கணும். எங்க, சிரி.”

நான் நம்பவில்லை. நிஜமாகத்தான் சொன்னார். பீக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்கூலில் செய்முறைத் தேர்வு நடத்துகிற மாதிரி நின்றார். அம்மாவும் பின்னால் நின்று, “சிரிடி, பெரிப்பா சொல்றாரு இல்ல” என்றாள். நான் சிரித்தேன். “பல்லு தெரியக் கூடாது, பச்சையா கீது. ஒதட்டால சிரி.” தினமும் இது நடந்தது. பத்து நாளில் கசப்பு தொண்டையில் இறங்கும்போதே உதடு தானாக விரிய ஆரம்பித்தது. இருபதாம் நாள், “இப்ப கரெக்ட்டா கீது. எவ பாத்தாலும் ஆர்லிக்ஸ் குடிக்கறான்னு நெனச்சிக்குவா” என்று பாராட்டினார். மருந்து வேலை செய்கிறதா என்று ஒரு நாள்கூட அவர் கேட்டதில்லை. சிரிப்பைத்தான் பரிசோதித்தார்.

ஒரு மண்டலமும் ஒன்றும் வரவில்லை. அது பழைய மாத்திரையின் மிச்சமோ, என் அதிர்ஷ்டமோ. தெருவெல்லாம் அவர் காலரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பூ வைக்கத் தாமலிலிருந்து வேனில் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து, தட்டுகள் வைத்து, என்னைப் பட்டுப்புடவையில் உட்கார வைத்தார்கள். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை எனக்கு. அவர் அன்றைக்குக் கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார், பெண்ணுக்குப் பெரியப்பா என்று சொல்லிக்கொண்டு. மாப்பிள்ளையின் அம்மா என் பின்னால் வந்து நின்று தலையில் மல்லிகைப் பூவை வைத்தார். கொண்டை ஊசி குத்துகிற வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண் திறந்தபோது கையில் இரும்பு. இந்தத் தடவை பெரிப்பா வீட்டுச் சாவி. புடவை நனைந்திருந்தது, அந்த வெட்கத்தை நான் விவரிக்கப் போவதில்லை. என் தலை யாரோ ஒருவர் மடியில், ஒருக்களித்து, பத்திரமாக இருந்தது. அது மாப்பிள்ளையின் அம்மா மடி. மேலே பெரிப்பா குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது: “ஒண்ணுமில்லீங்க, பட்டுப் பொடவ, கூட்டம், காலைலேர்ந்து வெறும் வயிறு... பித்தம் தலைக்கேறிடுச்சி... வேற ஒண்ணும் இல்லீங்க.”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “வலிப்புங்க இது. எங்க பெரிய அண்ணனுக்கு இருந்திச்சி. நானு பாத்து வளந்தவ.” பிறகு என்னிடம் குனிந்து, “பாப்பா, மாத்திர போடறியா?” என்று கேட்டார். நல்ல குரல். நான் வாயைத் திறப்பதற்குள் பெரிப்பா முந்திக்கொண்டார். “மாத்திர எதுக்கும்மா? நோவே இல்லயே!”

அந்த அம்மா என் அம்மாவைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். ரெண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் தலையை மெதுவாக இறக்கி, ஒரு தலையணையில் வைத்துவிட்டு எழுந்தார்.

“நோவு கீதுன்னு சொல்லியிருந்தா நாங்க வந்திருக்க மாட்டோம்னு நெனச்சிங்களா? எங்க அண்ணனுக்குப் பொண்ணு குடுத்தாங்க, பேரப் புள்ள எடுத்தான். நோவுக்கு மாத்திர கீது. இத்தினி பேரு கூடி ஒக்காந்து மறச்சிங்களே, இதுக்கு இன்னா மாத்திர?”

வேன் போய்விட்டது. என் தலையில் வைத்த பூவை மட்டும் அந்த அம்மா எடுக்கவில்லை. அந்தப் பையன் போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, நிஜமா, தெரியாது.

இதற்கப்புறம் அந்த மனுஷன் ஒரு வாரமாவது வெளியே தலைகாட்டாமல் இருந்திருக்க வேண்டும், இல்லையா? மறுநாள் காலை ஆறரைக்குக் கோட்டும் பீக்கருமாக வந்து நின்றார். “டோஸ் பத்தல. அறுபதாக்கிடலாம்” என்றார். பீக்கரை வாங்கிச் சுவரில் அடித்தேன். சாறு சுண்ணாம்பு முழுக்க வழிந்தது. அவர் கோபப்படவில்லை, குனிந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே அம்மாவிடம், “கோவம் ஜாஸ்தியாயிடுச்சி பாப்பாவுக்கு. அதுக்கும் பிரமிதாம்மா நல்லது” என்றார். சொரணை என்ற ஒன்றைக் கடவுள் அவருக்கு வைக்கவே மறந்துவிட்டான் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

நானே பஸ் ஏறிச் செங்கல்பட்டு போனேன். டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன். மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. அதற்குப் பிறகு என்னைப் பார்க்க வந்தவர்களிடம் காபி கொடுக்கும் முன்பே, “எனக்கு வலிப்பு இருக்கு, மாத்திரை போடறேன்” என்று சொல்லிவிடுவேன். ரெண்டு குடும்பம் காபி குடிக்காமல் போனது, ஒன்று குடித்துவிட்டுப் போனது. பிறகு யாரும் வரவில்லை. அம்மாவுக்கு அதில் இன்னும் அழுகை இருக்கிறது. எனக்கு முப்பத்துநாலு வயதாகிறது, தாலுகா ஆபீஸ் ரோட்டில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சான்றிதழ், ஆதார் திருத்தம், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாம் பண்ணுகிறேன். அந்த வருஷங்களில் தெருவில் பெரிப்பா எதிரே வந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போவேன். அவர் விடாமல், “இன்னாமா, நல்லா கீறியா?” என்பார். பதில் சொன்னதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அவர் என் கடைக்கு வந்தார். கோட்டு இல்லை. அந்தக் கோட்டு இல்லாமல் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தரம். தோள் எலும்பு சட்டையைக் குத்திக்கொண்டிருந்தது. வரிசையில் நின்று, அவர் முறை வந்ததும் ஒரு ஃபைலை நீட்டினார்.

“காப்பீட்டு கார்டுக்கு வருமானச் சான்று வோணுமாம்” என்றார். பிறகு குரலை இறக்கி, “அப்படியே இந்த ரிசல்ட்ட படிச்சி சொல்லுமா. இங்கிலீஷுல கீது. டாக்டரு இன்னாவோ சொன்னாரு, கூட யாரனா இட்டுக்கினு வாங்கன்னாரு. முன்னாடியே வந்திருக்கக் கூடாதான்னு கத்தனாரு. மூலச் சூடு முத்திப்போச்சின்னு தான போட்டுக்கீறான்?”

படித்தேன். குடலில் சதை எடுத்துப் பரிசோதித்த ரிசல்ட். ஒரு வரிதான் முக்கியம்.

“பேரு வோணாம்” என்றார் அவசரமாக. “இன்னா பண்ணணும்னு மட்டும் சொல்லு.”

“எத்தனை நாளா பெரிப்பா?”

“கொஞ்ச நாளா. பிரமி குடிச்சிக்கினுதான் இருக்கேன். முப்பது, அப்பறம் அறுபது.”

குடித்திருக்கிறார். எனக்குக் கொடுத்ததையேதான் குடித்திருக்கிறார், அதுவும் நம்பி. ஒன்பது வருஷமாக அந்த ஆள்மேல் நான் வளர்த்து வைத்திருந்த வெறுப்புக்கு இது ரொம்ப அசௌகரியமாக இருந்தது. பூசி மெழுகி அனுப்பினால் வீட்டுக்குப் போய்த் தொண்ணூறு மில்லி குடிப்பார், அவ்வளவுதான். சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நான் நல்லெண்ணத்தால் மட்டும் சொன்னேன் என்று யாராவது சொன்னால் அது பொய். வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

“இது மூலச் சூடு இல்ல பெரிப்பா. கேன்சர். இதுக்குப் பேரு கேன்சர்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு நொடி எனக்கு இனித்தது, ஆமாம், இனித்தது. அவர் துப்பப் போவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை மட்டும் லேசாக ஆடியது.

“அவகிட்ட யாரு சொல்றது?” என்றார்.

“நீங்கதான் சொல்லணும்.”

“எனக்கு வாயி வராதும்மா. நீ சொல்லிட்றியா?”

வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. கடையைப் பாதியில் சாத்தினேன். வண்டியில் பின்னால் அவரை உட்காரவைத்துக்கொண்டு போனேன். ஒரு மூட்டைப் பஞ்சைக் கொண்டுபோகிற மாதிரிதான் இருந்தது கனம். வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன், இவரை, அம்மாவை, என்னை.

முற்றத்தில் அந்த அம்மா பிரமிக் கொத்தைப் பிரித்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். பெரிப்பா உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றுவிட்டார். நான் போய் எதிரே உட்கார்ந்தேன்.

“பெரிம்மா, பெரிப்பாவுக்கு ரிசல்ட் வந்திருக்கு. குடல்ல கேன்சராம். சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

அந்த அம்மாவின் கை நிற்கவில்லை. இன்னும் ரெண்டு நத்தையைப் பொறுக்கி ஓரமாக வைத்தார்.

“தெரியும்மா” என்றார். “ஆறு மாசமா அவுரு வேட்டிய நானு தான தொவைக்கறேன். ரத்தம் சோப்புல போவாது. உப்புத் தண்ணியில ஊற வெச்சி, அவுரு எழுந்துக்கறதுக்குள்ள கசக்கிப் போட்டுடுவேன். எங்க அக்காளும் இப்படித்தான் போய்ச் சேந்தா.”

ஃபைலைக் கீழே வைத்தேன்.

“ஆறு மாசமாவா? தெரிஞ்சிக்கினே ஏன் பெரிம்மா ஒரு வார்த்த கேக்கல?”

அந்த அம்மா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்கிற மாதிரி, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்.

“அவுரு பயப்படுவாரும்மா.”